வீட்டு வைஃபையில் நெட்டை காலி பண்றது யார்? ரூட்டரில் எது தெரியும், எது தெரியாது?

மாசக் கடைசி வந்தா போதும், பல வீடுகளில் இந்தப் பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். 26, 27-ம் தேதி வாக்கில் நெட் சுத்த ஆரம்பிக்கும். "அன்லிமிடெட்னு சொல்லித்தானே கொடுத்தான்?" என்று அப்பா கேட்பார். "நைட்டெல்லாம் உன் புள்ள கேம் ஆடுறான், அப்புறம் எப்படி நிக்கும்?" என்று பதில் வரும். பையன் கைக்குப் போன ரூட்டர் பாஸ்வேர்டு மாறும். ஆனால் அடுத்த மாசமும் அதே 26-ம் தேதி, அதே சுத்தல்.

ஒரே கனெக்‌ஷனை வீடே பகிர்ந்துகொள்ளும்போது யார் எவ்வளவு யூஸ் பண்றாங்க என்று பார்க்க முடியுமா? யார் எந்த சைட்டுக்குப் போறாங்க என்பதும் தெரியுமா? அப்படிப் பார்ப்பது சட்டப்படி சரியா? ஒரு வீட்டை உதாரணமாக வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

ஒரு பள்ளிப்பட்டு வீடு

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு, ஆந்திர எல்லையை ஒட்டிய பேரூராட்சி. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணியோடு சேர்ந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்த பகுதி இது. அதுவரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றைக்கும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர், தறி ஓடும் ஊர்.

இங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கீழே விசைத்தறி ஷெட், மேலே வீடு, அதற்கும் மேலே வாடகைக்கு விட்ட ஒரு போர்ஷன். வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, திருத்தணி காலேஜுக்குப் போகும் பொண்ணு, ப்ளஸ் டூ படிக்கும் பையன். பாட்டிக்கு டிவியில் தெலுங்கு சீரியல் ஓடணும், அதே நேரத்தில் அம்மாவுக்கு போனில் தமிழ் சீரியல் வேணும். ஒரே வீட்டில் ரெண்டு மொழி என்றால் ஒரே நேரத்தில் ரெண்டு ஸ்ட்ரீமிங் என்று அர்த்தம். ஷெட்டில் நாலு சிசிடிவி கேமரா. மாடி போர்ஷனுக்கும் "சேர்த்துக்கோங்க தம்பி" என்று இதே வைஃபை.

அன்லிமிடெட் என்றால் எவ்வளவு?

ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் என எதை எடுத்தாலும் வீட்டு ஃபைபர் பிளான்களில் பரவலாக இருக்கும் எண் மாதம் 3300 ஜிபி. அதைத் தாண்டினால் நெட் நிற்காது, வேகம் குறையும். இதற்குப் பெயர் எஃப்யூபி, அதாவது நியாயமான பயன்பாட்டு வரம்பு. பிஎஸ்என்எல் ஃபைபரின் பல பிளான்களில் வரம்புக்குப் பிறகு 4 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பார்கள். வேறு சில பிளான்களில் அதைவிடவும் குறையும். பிராட்பேண்டு என்று சொல்லவே குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருக்கணும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில்தான் வரையறையை உயர்த்தியது. அதுக்கு முன்னாடி அந்த எண் வெறும் 512 கேபிபிஎஸ்.

3300 ஜிபியை 30 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 110 ஜிபி. அது தீரணும்னா எவ்வளவு பார்க்கணும்? நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை, நடுத்தரத்தில் சுமார் 0.7 ஜிபி, 4கே தரத்தில் 7 ஜிபி வரை போகும்.

டிவி ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஹெச்டியில் ஓடினால் 12 ஜிபி. நாலு போனில் தலா மூணு மணி நேரம் நடுத்தர வீடியோ பார்த்தால் 8.4 ஜிபி. ஆக மொத்தம் 20.4 ஜிபி. மாடி போர்ஷனும் கிட்டத்தட்ட அதே அளவு, ஒரு 20 ஜிபி என்று வையுங்கள். எல்லாம் சேர்த்தாலும் நாளைக்கு 40 ஜிபிதான். 110-ஐ நெருங்கவே இல்லை.

பையனின் கேம்? ஆன்லைன் கேம் ஆடும்போது போய்வருவது பெரும்பாலும் யார் எங்கே நிக்கிறாங்க, எங்கே சுட்டாங்க என்கிற சின்னச் சின்ன தகவல்தான். ஒரு மணி நேரத்துக்குச் சில பத்து எம்பி முதல் சில நூறு எம்பி வரை. கேமை டவுன்லோடு பண்ணும் அன்றும், பெரிய அப்டேட் வரும் அன்றும்தான் ஜிபி கணக்கில் போகும். ராத்திரி முழுக்க ஆடுவது அவன் தூக்கத்தைத்தான் காலி பண்ணும், டேட்டாவை இல்லை.

அப்போ யாருதான் குடிக்கிறா?

கேமரா. ஒரு சிசிடிவி கேமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் 24 மணி நேரமும் வீடியோவை க்ளவுடுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. அதாவது ஒரே ஒரு கேமரா, அந்த வீட்டு டிவியையும் நாலு போனையும் சேர்த்ததற்குச் சமம். நாலு கேமரா என்றால் 86.4 ஜிபி. பொதுவாக இந்த வரம்பில் டவுன்லோடு, அப்லோடு இரண்டும் சேர்ந்தே கணக்காகும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வீடு 20.4, மாடி 20, கேமரா 86.4. மொத்தம் 126.8 ஜிபி. 3300-ஐ இதால் வகுத்தால் 26 நாள்.

எல்லா சிசிடிவியும் இப்படி இல்லை. டிவிஆர் பெட்டியிலோ மெமரி கார்டிலோ பதிவாகும் கேமரா, நீங்கள் போனில் திறந்து பார்க்கும்போது மட்டும்தான் நெட்டைத் தொடும். ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் அனுப்பும் செட்டிங்கும் உண்டு. ஆனால் தறி ஷெட்டில் அந்த செட்டிங் அவ்வளவாக உதவாது, தறி நாள் முழுக்க ஆடிக்கொண்டேதானே இருக்கும்! கேமரா மாட்டியவரிடம் "ரெக்கார்டிங் எங்கே சேவ் ஆகுது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

இதை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மொத்தம். உங்கள் நிறுவனத்தின் ஆப்பில் (மைஜியோ, ஏர்டெல் தேங்க்ஸ், பிஎஸ்என்எல் செல்ஃப்கேர் மாதிரி) இந்த மாசம் இதுவரை எத்தனை ஜிபி போயிருக்கு என்று இருக்கும்.

அடுத்து ஒவ்வொரு போன். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் டேட்டா பயன்பாடு என்ற இடத்தில், மொபைல் டேட்டாவுக்குத் தனியாகவும் வைஃபைக்குத் தனியாகவும் கணக்கு இருக்கும். எந்த ஆப் எவ்வளவு என்பதும் அங்கேயே வரும். போன் கம்பெனியைப் பொறுத்துப் பெயர் கொஞ்சம் மாறும். ஐபோனில் வைஃபைக்கு இப்படி ஒரு கணக்கு கிடையாது, மொபைல் டேட்டாவுக்கு மட்டும்தான்.

எல்லா போனின் எண்ணையும் கூட்டி, ஆப் காட்டும் மொத்தத்திலிருந்து கழியுங்கள். மிச்சம் வருவது டிவி, கேமரா, லேப்டாப், மாடி போர்ஷன், இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாத யாரோ. யாருடைய போனையும் பிடுங்கிப் பார்க்க வேண்டியதில்லை. அவரவர் போனில் அவரவர் பார்த்து ஒரு எண்ணைச் சொன்னால் போதும்.

கடைசியாக ரூட்டர். வைஃபையில் இருந்தபடியே பிரவுசரில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ அடித்தால் ரூட்டரின் உள்பக்கம் திறக்கும். ஜியோ ஃபைபருக்கு 192.168.29.1. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இந்த முகவரியும் யூசர்நேமும் இருக்கும். உள்ளே போனால் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் கிடைக்கும். சாதனம் வாரியாக ஜிபி கணக்கு? கடையில் காசு கொடுத்து வாங்கும் ரூட்டர்கள் சிலவற்றில் உண்டு. நிறுவனமே இலவசமாக மாட்டிவிட்டுப் போகும் பெட்டிகள் பலவற்றில் பட்டியல் மட்டும்தான். அப்படியே கணக்கு இருந்தாலும் பவர்கட் ஆனால் பூஜ்யத்துக்குப் போய்விடும் மாடல்களும் உண்டு.

மாசக் கடைசி மட்டும் இல்லாமல் சாயங்காலம் ஆனாலே ஸ்லோ என்றால் அது வேற பிரச்னை. 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 40 எம்பி இல்லை, 5 எம்பிதான் (8-ஆல் வகுக்கணும்). ரூட்டர் கீழே ஷெட்டில், நீங்கள் ரெண்டு கான்கிரீட் தளத்துக்கு மேலே என்றால் அந்த 5-உம் வந்து சேராது. லேப்டாப்பை கேபிளில் நேரடியாக ரூட்டரோடு சொருகி ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். கேபிளில் முழு வேகம் வந்தால் கோளாறு உங்கள் வீட்டு வைஃபையில். கேபிளிலேயே வரவில்லை என்றால்தான் கஸ்டமர் கேருக்கு போன்.

பட்டியலில் தெரியாத பேர் இருக்கே!

பதற வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவதற்கு முன்னாடி டிவி, செட்டாப் பாக்ஸ், கேமரா, ஸ்மார்ட் பல்பு, பழைய டேப்லெட் எல்லாவற்றையும் எண்ணிவிடுங்கள். எஸ்பிரெசிஃப் என்று ஒரு விசித்திரமான பெயர் வந்தால் அது ஹேக்கர் இல்லை. ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பல்புகளுக்குள் இருக்கும் சிப்பைத் தயாரிக்கும் கம்பெனியின் பெயர்.

இன்னொரு குழப்பம், ஒரே போன் இரண்டு மூன்று பெயரில் தெரிவது. ஒவ்வொரு சாதனத்துக்கும் மேக் அட்ரஸ் என்று ஒரு அடையாள எண் உண்டு. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல், போன்கள் தங்கள் உண்மையான எண்ணைக் காட்டாமல் வைஃபைக்கு வைஃபை ஒரு போலி எண்ணைக் காட்டுகின்றன. கடைகளும் மால்களும் நம்மைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக வந்த வசதி இது. வீட்டில் கணக்கு பார்க்கணும் என்றால் அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் இதை ஆஃப் பண்ணிக்கொள்ளலாம்.

எண்ணிப் பார்த்தும் புரியவில்லையா? வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு சும்மா உட்காருங்கள். பத்து நிமிஷத்தில் யார் யார் "நெட் வரலையே" என்று வருகிறார்கள் என்று பாருங்கள். டெக்னாலஜி ரொம்பத் தேவைப்படாத முறை, ஆனால் தப்புவதில்லை.

என் பொண்ணு, பையன் என்ன பார்க்குறாங்கனு ரூட்டர் சொல்லுமா?

இங்கேதான் பலர் தப்பா நினைக்கிறார்கள். திருத்தணி பஸ்ஸில் ஏறுகிறீர்கள். எங்கே ஏறினீங்க, எந்த ஸ்டாப்பில் இறங்கினீங்க என்பது கண்டக்டருக்குத் தெரியும். கையில் இருக்கும் பைக்குள் என்ன இருக்கு, இறங்கினதும் யார் வீட்டுக்குப் போனீங்க என்பது தெரியாது. ரூட்டர் அந்த கண்டக்டர் மாதிரி.

இன்றைக்கு ஏறக்குறைய எல்லா இணையதளங்களும் ஹெச்டிடிபிஎஸ் என்ற பூட்டுப் போட்ட முறையில்தான் இயங்குகின்றன. அதனால் யூடியூபுக்குப் போனது தெரியலாம், எந்த வீடியோ என்று தெரியாது. வாட்ஸ்அப் யூஸ் ஆனது தெரியலாம், யாரிடம் என்ன பேசினார்கள் என்பது தெரியாது. அந்த சைட் பெயர்கூட எல்லா ரூட்டரிலும் பதிவாகாது. ஆண்ட்ராய்டு 9-ல் இருந்து போனிலேயே இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ் வசதியை ஆன் பண்ணிவிட்டால் அதுவும் மங்கிவிடும். விபிஎன் போட்டுவிட்டால் ஆள் ஒரு மூடின வேனில் ஏறிப் போன மாதிரிதான்.

இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் உண்டு. இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாது என்பது. இன்காக்னிட்டோ செய்வது, அந்த போனில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். நெட்வொர்க்குக்கும் நிறுவனத்துக்கும் அது மறைப்பதில்லை. இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்காவில் கூகுள் மீது 2020-ல் வழக்கு தொடரப்பட்டு, 2024-ல் பழைய தகவல்களை அழிப்பதாக ஒப்புக்கொண்டு கூகுள் சமரசம் செய்தது.

"ரூட்டர் ஹிஸ்டரியைப் பார்த்துத் தரேன்" என்று கேட்டு 500, 1000 வாங்குபவர்களிடம் ஏமாற வேண்டாம். பூட்டுக்குள் இருப்பதை ரூட்டரிலிருந்து எடுத்துத் தர அவர்களாலும் முடியாது.

சின்னப் பிள்ளைகளுக்குத் தேவை கண்காணிப்பைவிட வடிகட்டி. ரூட்டரின் டிஎன்எஸ் செட்டிங்கில் 1.1.1.3 என்று போட்டால் ஆபாச தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் பெரும்பாலும் திறக்காது. க்ளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் ஆரம்பித்த இலவச சேவை இது. எந்த நேரத்துக்கு மேல் எந்த சாதனத்துக்கு நெட் வேண்டாம் என்பதை ரூட்டரின் பேரன்டல் கண்ட்ரோலில் வைக்கலாம். கூகுள் ஃபேமிலி லிங்க், ஐபோனின் ஸ்கிரீன் டைம் ஆகியவை பிள்ளைக்குத் தெரிந்தே இயங்குபவை.

ஆனால் ப்ளஸ் டூ பையன் கையில் சிம் போட்ட போன் இருந்தால்? வைஃபையை ஆஃப் பண்ணி மொபைல் டேட்டாவை ஆன் பண்ண ஒரு நொடி. ரூட்டரில் நீங்கள் போட்ட எந்தப் பூட்டும் அங்கே இல்லை.

பெரியவர்களை வேவு பார்த்தால்?

வீட்டுக் கனெக்‌ஷனில் எந்த சாதனம் எவ்வளவு டேட்டா எடுக்குது என்று பார்ப்பதில் சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, ஒருவர் தனது சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தகவலைக் கையாள்வதற்குப் பொருந்தாது என்கிறது. (இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன.)

அடுத்தவர் போனுக்குள் அவருக்குத் தெரியாமல் ஆப் ஏற்றுவது வேறு கதை. அனுமதி இல்லாமல் ஒரு சாதனத்துக்குள் நுழைந்து தகவல் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவில் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தது என்று நிரூபணமானால் 66-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். கணவன், மனைவி என்பதற்கு அங்கே தனி விலக்கு எழுதப்படவில்லை.

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு வழக்கு இருக்கிறது. பரமக்குடி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட ஒரு கணவர், மனைவியின் போன் அழைப்பு விவரங்களை ஆதாரமாகக் கொடுத்தார். மனைவி ஆட்சேபித்தார். 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், தனியுரிமை என்பதில் வாழ்க்கைத் துணையிடமிருந்தான தனியுரிமையும் அடங்கும், அதை மீறி எடுத்த ஆதாரத்தை ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தார்.

கதை அதோடு முடியவில்லை. 2025 ஜூலையில் பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த உரையாடலைத் திருமண வழக்கில் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டது என்றால் அந்தத் திருமணத்தில் ஏற்கெனவே விரிசல் விழுந்துவிட்டது என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. கவனிக்க, கோர்ட்டில் எது ஆதாரமாகும் என்பது பற்றிய தீர்ப்பு இது. போனில் ஸ்பை ஆப் போட்டுக்கொள்ளலாம் என்ற அனுமதி இல்லை.

காலேஜ் போகும் பொண்ணு விஷயத்திலும் 18 வயது ஒரு கோடு. கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை மாணவிகள் போனை ஒப்படைக்கணும் என்று விதி இருந்தது. எதிர்த்த மாணவி வெளியேற்றப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் சேர்ந்தது என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அது விடுதிக்கான தீர்ப்பு, வீட்டுக்கு இல்லை. இருந்தாலும் ராத்திரி எட்டு மணிக்கு வைஃபையைப் பிடுங்கும் அப்பாக்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

மாடி போர்ஷனுக்கு பாஸ்வேர்டு கொடுத்தால் என்ன?

டேட்டாவைவிட முக்கியமான விஷயம் இதுதான். வெளியுலகத்துக்கு உங்கள் வீட்டில் எத்தனை போன் இருக்கு என்பது தெரியாது. எல்லாமே கனெக்‌ஷன் வாங்கியவரின் பெயரில், ஒரே முகவரியில் பதிவாகும். அந்த லாகை நிறுவனங்கள் பாதுகாத்து வைத்து, போலீஸ் சட்டப்படி கேட்டால் தர வேண்டும்.

2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்கள் முன்னால் செய்தி சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்தது. போலீஸ் தேடிப் போனது நவி மும்பையில் ஒரு அமெரிக்கரின் வீட்டுக்கு. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தி மெயில் அனுப்பியிருந்தார்கள். அவருக்குச் சம்பந்தம் இல்லை என்று தெளிவாவதற்குள் விசாரணை, உண்மை கண்டறியும் சோதனை எல்லாம் கடக்க வேண்டியிருந்தது. இதற்குப் பிறகுதான் வைஃபைக்குக் கட்டாயப் பாதுகாப்பு வேண்டும் என்று 2009-ல் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

குண்டுவெடிப்பு அளவுக்குப் போக வேண்டாம். மாடியில் குடியிருப்பவரோ, அவரைப் பார்க்க வந்த நண்பரோ ஒரு ஆன்லைன் மோசடியில் சிக்கினாலும், முதலில் கதவு தட்டப்படுவது கனெக்‌ஷன் யார் பேரில் இருக்கோ அவர் வீடுதான்.

அதனால் மாடிக்கு கெஸ்ட் நெட்வொர்க் போட்டுக் கொடுங்கள். பெரும்பாலான ரூட்டர்களில் இந்த வசதி உண்டு. தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. உங்கள் டிவி, கேமரா இருக்கும் பக்கம் அவர்கள் சாதனம் எட்டிப் பார்க்காது. சில ரூட்டர்களில் இத்தனை எம்பிபிஎஸ்தான் என்று கெஸ்டுக்கு வரம்பும் வைக்கலாம். வாடகைதாரருக்குத் தனிக் கனெக்‌ஷன் எடுத்துக்கொள்ளச் சொல்வது இன்னும் நல்லது.

ரூட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு, வாங்கியபோது இருந்த அட்மின் என்றே இன்னும் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பட்டனை அமுக்கினாலே இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை ஆஃப் பண்ணுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கணும். குடித்தனம் காலி செய்து போகிறவர்களிடம் சாவியை வாங்குகிறோம் இல்லையா? அன்றைக்கே பாஸ்வேர்டையும் மாற்றிவிட வேண்டும். உங்கள் கனெக்‌ஷன் தவறாகப் பயன்பட்டதாகச் சந்தேகம் வந்தால் சாதனப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்வரை ரூட்டரை ரீஸெட் பண்ண வேண்டாம்.